பன்னிரண்டடிச் சுவர்

சம்மட்டி ஒரு பேருந்தைப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க நெஞ்சில் தெம்பு வேண்டும். முதலில் கண்ணாடிகள் போகும். அடுத்தது கதவு, கூரை, இருக்கை. பக்கத் தகடுகளைக் கடப்பாரையால் நெம்பிக் கிழிக்கும்போது எழும் சத்தத்துக்குத் தெரு நாய்கள்கூட இரண்டு வீடு தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை முழு வண்டியாக வந்தது வியாழக்கிழமை வெறும் அடிச்சட்டமாகக் கிடக்கும். ஆள் என்னவோ குட்டைதான். ஆனால் ஆண்பிள்ளைகளே மூச்சு வாங்கித் தூக்கும் பெரிய சம்மட்டி அவள் கைக்கு வந்துவிட்டால் இறங்க மனமில்லாமல் சுற்றும். பெயர் வந்தது அப்படித்தான். கட்டின புருஷனே அப்படித்தான் கூப்பிடுவார், அதுவும் அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது, கொஞ்சம் தள்ளி நின்று.

அவளுக்கென்று ஒரு வேலைமுறை உண்டு. நாலு அடி, ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை இரும்பின் மேல் வைப்பாள். அடி எங்கே போய்ச் சேர்ந்தது, எந்த போல்ட் இளகிவிட்டது, எது இன்னும் முரண்டு பிடிக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். பிறகு அடுத்த நாலு அடி.

"காதுல எல்லாச் சத்தமும் ஒண்ணாதாங்க விழுது. கைய வச்சாதான் எது என்னன்னு தெரியுது" என்பாள் புருஷனிடம்.

அவர் தலையாட்டுவார். அவருக்கு வலிக்காமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். பழைய வண்டி உடைக்கும் அந்தப் பட்டறையை ஆரம்பித்தவர் அவர். ஒரு நாள் சங்கிலி அறுந்து, தொங்கிக்கொண்டிருந்த லாரி எஞ்சின் அவர் முதுகில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் அவர் குப்புறக் கிடந்த வாரத்திலேயே அவள் சம்மட்டியைத் தூக்கிவிட்டாள். தூக்காவிட்டால் அடுப்பு எரியாது. அதன் பிறகு அவர் முன்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து உதிரி பாகம் விற்றார், அவள் பின்பக்கம் நின்று உடைத்தாள்.

பொம்பளைதானே என்று ஆரம்பத்தில் வாலாட்டிப் பார்த்தவர்கள் உண்டு. வண்டித் தரகன் ஒருவன் பேச்சுவாக்கில் அவள் தோளில் கையைப் போட்டான். அவள் கையில் அப்போது ஒரு மட்கார்டு இருந்தது. அதாலேயே மூஞ்சியில் ஒன்று வைத்தாள். பல் இரண்டு எண்ணெய் டின்னுக்குள் போய் விழுந்தது.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. இங்க இரும்பு மட்டும்தான் வாங்குவோம்" என்றாள்.

ஆக, அடிக்கப் பிறந்தவள். அதை அவளே மறுக்கமாட்டாள். ஆனால் அவள் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது அவள் உடைத்த எதுவும் இல்லை. அவள் கட்டிய ஒரே ஒரு சுவர்.

மாமனார் தன் மனையை இரண்டாகப் பிரித்து மூத்தவருக்கு ஒரு பாதி, இளையவனுக்கு ஒரு பாதி கொடுத்திருந்தார். நடுவே நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர், அதில் கதவு வைக்காத ஒரு வழி. தண்ணீர் இணைப்பு மூத்தவர் பக்கம் மட்டும்தான். அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் சுவருக்கு அடியில் நுழைந்து கொழுந்தன் வீட்டுக் கொல்லைப்புறத் துவைகல்லுக்குப் போகும். கொழுந்தன் வீட்டு வாசல் அடுத்த தெருவில். அவன் ஒரு பார்சல் கம்பெனியில் கணக்கு எழுதுபவன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போவான். இஸ்திரி கலையாத சட்டை, குரலை உயர்த்தாத பேச்சு. அவனைப் போல ஒரு பிள்ளை உண்டா என்று தெருவே சொல்லும். அவன் மனைவியைச் சம்மட்டி சின்னவள் என்று கூப்பிடுவாள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள், ஒல்லிக் குச்சி. இவளை அக்கா, அக்கா என்று சுற்றி வருவாள். சம்மட்டிக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பாசமெல்லாம் ஓரகத்தி மேல்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் சின்னவள் அந்த வழியாக ஓடி வந்தாள். வாயெல்லாம் ரத்தம். ஒரு காதில் தோடு இல்லை, தோடு தொங்கிய சதையும் இல்லை. பின்னாலேயே பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு அவன் வந்தான், இஸ்திரி கலையாமல்.

"அண்ணி, இது எங்க வீட்டு விஷயம். நீங்க வேலையப் பாருங்க" என்றான் தன்மையாக.

புதிதாகப் போட வாங்கி வைத்திருந்த சம்மட்டிக் காம்பு சுவரில் சாய்ந்திருந்தது. அவள் அதை எடுத்தாள். பெல்ட் வைத்திருந்த கையில் ஓங்கி ஒரே போடு. முழங்கைக்குக் கீழே அவனுக்குப் புதிதாக ஒரு முழங்கை முளைத்தது. வெள்ளையாக எலும்பு வெளியே வந்துவிட்டது. அவன் மண்ணில் உருண்டு கத்தியதை அவள் நின்று, நிதானமாகக் கேட்டாள்.

"இன்னொரு தடவ அவ மேல கை பட்டுச்சுன்னா, இடது கையும் இருக்கு தம்பி" என்றாள்.

படியில் தடுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னான். அண்ணியிடம் அடி வாங்கினேன் என்று எந்த வாயால் சொல்வான். கை கூடியது, கோணலாக. அன்றிலிருந்து சம்மட்டி நிறுத்தத்தில் கையை இரும்பில் வைப்பதோடு காதைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. அழுகை இல்லை, பாத்திரம் விழும் சத்தம்கூட இல்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா, ஒரே அடியில திருந்திட்டான். பத்துப் பேர் உக்காந்து பஞ்சாயத்து பேசியிருந்தா நடந்திருக்குமா?" என்று புருஷனிடம் பீற்றிக்கொண்டாள்.

"என் தம்பி அடிப்படையில நல்லவன்தான்" என்பார் அவர்.

இப்படி இருக்கையில் ஊர்த் திட்ட அலுவலகம் புது வரைபடம் போட்டது. அதில் அவர்கள் தெரு முழுக்க மஞ்சள். மஞ்சள் பூசிய இடத்தில் மனிதர்கள் தூங்கலாம், சாப்பிடலாம், சண்டை போடலாம்; இரும்பு உடைக்கக் கூடாது. ஏற்கெனவே தொழில் செய்கிறவர்கள் விதிவிலக்கு கேட்டு மனுக் கொடுக்கலாம். மனு விவரத்தை வாசலில் ஒட்டி வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கலாம். பிறகு விசாரணை வைத்து முடிவு சொல்வார்கள். விதிவிலக்குக் கிடைக்கவில்லை என்றால் கேட்டுக்குச் சீல். வேறு இடம் பிடித்துப் பட்டறை போடும் வசதி அவர்களுக்குக் கனவிலும் இல்லை. அந்த முதுகுக்கு மருந்து, அந்த அடுப்புக்கு நெருப்பு, எல்லாம் அந்தப் பட்டறைதான்.

வாசலில் ஒட்டிய காகிதத்தை யாரோ கிழித்தார்கள். மறுபடி ஒட்டினாள், மறுபடி கிழித்தார்கள். மூன்றாவது முறை அதன் மேல் ஒரு பேருந்துக் கண்ணாடியை வைத்து, சுற்றிலும் சட்டம் போட்டு, கேட்டோடு சேர்த்து வெல்டு அடித்துவிட்டாள். "இப்ப கிழிங்கடா, பாக்கலாம்" என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வந்த ஆட்சேபணை ஒன்றே ஒன்றுதான். கொழுந்தனுடையது. காது கிழியும் சத்தம், மனைவிக்கு ஓயாத தலைவலி என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

"கைய உடைச்சதுக்குப் பழி வாங்குறான் உங்க தம்பி" என்றாள் சம்மட்டி. அடுத்த நிமிடம் பெரிய சம்மட்டியைத் தேடினாள். புருஷன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அவர் எழுவதே பெரிய பாடு, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"விசாரணை முடியுற வரைக்கும் இந்தக் கைய நீட்டாத. நீ ஒருத்தன அடிச்சேன்னு அங்க பேச்சு வந்தா பட்டறை போச்சு. எனக்காக."

விசாரணை அன்று அவள் தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டாள். நிஜமாகவே, தொடைக்கு அடியில் வைத்து. மேசைக்குப் பின்னால் குழுத் தலைவி. அவள் பக்கத்தில் அலுவலக அளவுக்காரர். நாடாவும் சத்தம் அளக்கும் கருவியுமாகப் பட்டறைக்கு வந்து போயிருந்த மனிதர். கருவியில் முள் எகிறிப் போனதை உள்ளபடி சொன்னார். தலைவியின் முகத்தைப் பார்த்தால் மனு தேறாது என்று சம்மட்டிக்குத் தோன்றியது. அப்போதுதான் கொழுந்தன் எழுந்தான்.

"எங்க அண்ணி பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனசில்ல மேடம். நடுவுல ஒரு சுவர் வந்தா போதும். நல்ல உயரமா, வழி கிழி எதுவும் இல்லாம. அப்புறம் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

அளவுக்காரர் கணக்குப் போட்டார். பன்னிரண்டடி உயரம், இரட்டைச் சுவர், நடுவில் மணல் நிரப்ப வேண்டும், எந்தத் திறப்பும் கூடாது. அப்படிக் கட்டினால் சத்தம் அந்தப் பக்கம் போகாது. தலைவி நிமிர்ந்தாள். சம்மட்டிக்கு உயிர் வந்தது.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று சின்னவளையும் கேட்டாள் தலைவி.

புழுங்கி எடுக்கும் அந்த அறையில் அவள் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள். "எனக்கு அந்தச் சத்தம் பரவாயில்லைங்க. சுவர் வேணாம்" என்றாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்று சிரித்தான் கொழுந்தன்.

சின்னவள் அவனைப் பார்க்கவில்லை. சம்மட்டியைப் பார்த்தாள். "அக்கா, சுவர் வேணாம்கா."

சம்மட்டிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாவம், எனக்குச் செலவும் சிரமமும் வைக்கக் கூடாதென்று பார்க்கிறாள் என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டிருக்கலாம். எழுந்து நின்று சபைக்கே சொன்னாள்.

"அவ எனக்காகப் பாக்குறா மேடம். நான் கட்டிடறேன். கூலிக்கு விடமாட்டேன், என் கையாலயே கட்டுறேன்."

கட்டினாள். ஒரு கொத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல் சுமந்து, கலவை போட்டு, மணல் கொட்டிக் கட்டினாள். உடைக்கிற கைக்குக் கட்டவும் வருகிறது என்று புருஷன் கேலி செய்தார். அவளும் சிரித்தாள். வழி இருந்த இடத்தைக் கடைசியில் அடைத்தார்கள். இன்னும் இரண்டு கல் பாக்கி இருந்தபோது அந்த ஓட்டையில் சின்னவள் முகம் தெரிந்தது.

"அக்கா, இங்க என்ன சத்தம் வந்தாலும் இனிமே உங்களுக்குக் கேக்காதில்ல?"

"கேக்காதுடி. என் சத்தமும் உனக்குக் கேக்காது. நிம்மதியாத் தூங்கு."

சொல்லிவிட்டுக் கல்லை வைத்துக் கலவையை அப்பினாள். இப்படியும் ஒருத்திக்குக் கண் மறைக்குமா என்றால், மறைத்தது. பட்டறை பிழைத்த சந்தோஷத்தில் மறைத்தது.

அளவுக்காரர் வந்து சுவரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் விதிவிலக்கு உறுதியாகிவிடும். அவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஒரு வேன் கதவைப் பிரித்துவிட்டுச் சம்மட்டி கை கழுவ வந்தாள். சுவரோரம் குழாய், அடியில் நுழைந்து கொழுந்தன் வீட்டுத் துவைகல்லுக்குப் போகும் அதே குழாய். கழுவி, அடைத்துவிட்டு, குழாயின் மேல் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள்.

குழாய் அதிர்ந்தது.

காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் முட்டுகிறது என்று முதலில் நினைத்தாள். இல்லை. தண்ணீர் முட்டினால் நடுக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். இது வந்தது, நின்றது. மறுபடி வந்தது. இரும்போடு இரும்பு மோதினால் கையில் சுருக்கென்று ஏறும். கல் மோதினால் கரகரக்கும். இது மொத்தையாக, கனமாக, முதலில் மெத்தென்றும் உடனே கெட்டியாகவும் வந்தது. வருஷக்கணக்காக இரும்பில் கை வைத்தவளுக்கு ஒரு கணம்தான் பிடித்தது. சதையும் அதற்குள் எலும்பும். துவைகல்லுக்கு மேலே நிற்கும் குழாயில் யாருடைய தலையையோ மோதுகிறார்கள்.

காதைச் சுவரில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாள்.

தெருவைச் சுற்றிப் போனால் கொழுந்தன் வீட்டுக் கம்பிக்கதவு உள்ளே பூட்டியிருக்கும். அவள் பெரிய சம்மட்டியை எடுத்தாள்.

"என்னடி பண்ற? நாளைக்குத்தான் பாக்க வராங்க" என்று புருஷன் அங்கிருந்து கத்தினார்.

கடைசியில் அடைத்த வழி மிச்சச் சுவரோடு இன்னும் ஒட்டியிருக்காது என்று அவளுக்குத் தெரியும். அங்கேயே அடித்தாள். நாலு அடி, நிறுத்தம் என்ற கணக்கெல்லாம் போயே போய்விட்டது. நிறுத்தாமல் அடித்தாள். முதல் சுவர் வாய் பிளந்தது. நடுவிலிருந்த மணல் குபுகுபுவென்று காலில் கொட்டியது. கல் சில்லு தெறித்து நெற்றி கிழிந்து, ரத்தம் கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. மணலுக்குள் முழங்கால் வரை இறங்கி இரண்டாம் சுவரை அடித்தாள். மூன்று கல் அந்தப் பக்கம் விழுந்தது. மிச்சத்தைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கொழுந்தன் கோணல் கையில் சின்னவள் முடியைச் சுருட்டிப் பிடித்திருந்தான். குழாயில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன. அவள் கண் பாதி மூடி, வாய் கோணியிருந்தது. துவைகல் சிவப்பாக நனைந்திருந்தது.

"அண்ணி, சுவர உடைச்சிட்டீங்களே. உங்க பட்டறை போச்சே" என்றான் அவன். அப்போதும் குரல் உயரவில்லை.

சம்மட்டியால் அடித்திருந்தால் அந்த இடத்திலேயே செத்திருப்பான். அது அவளுக்கே தெரிந்ததால் அதைக் கீழே போட்டாள். வெறுங்கையால் தாடையில் குத்தினாள். தாடை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. முடியை விட்டுவிட்டுச் சரிந்தவனை இஸ்திரிச் சட்டையோடு அள்ளி, அதே குழாயில் முகத்தை மோதினாள். மூக்கு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு முறை மோதினாள். அதற்கு மேல் மோதவிடாமல் அவள் காலைச் சின்னவள் பிடித்துக்கொண்டாள்.

"போதும்கா. செத்துட்டா உங்களப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க."

சம்மட்டி அவளை மடியில் சாய்த்து, வேலைக்கு மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றிப் பிளந்த மண்டையில் அழுத்திப் பிடித்தாள். "ஏன்டி சொல்லல? இத்தன நாளும் ஒரு சத்தமும் வரலையேடி."

"நீங்க அடிக்கும்போதுதான்கா அவனும் அடிப்பான். நாலு எண்ணுவான். நீங்க நிறுத்தினா அவனும் நிறுத்திடுவான், என் வாயப் பொத்திட்டு. உங்ககிட்ட சொன்னா புகார் குடுத்துப் பட்டறைய மூட வச்சிடுவேன்னான். சுவர் வந்தப்புறம் எண்ண வேண்டிய வேலையும் இல்லாமப் போச்சு."

சம்மட்டி தன் கைகளைப் பார்த்தாள். மூன்று வருஷமாக எத்தனை பேருந்து, எத்தனை லாரி. ஒவ்வொரு அடிக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அடி. வாழ்க்கையில் அவள் வாய்விட்டு அழுததை அன்றுதான் புருஷன் பார்த்தார். மணலில் தவழ்ந்து அந்த ஓட்டை வழியாக வந்து, தம்பியைத் தாண்டி, பெண்கள் இருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பி நல்லவன் என்று அதன் பிறகு அவர் சொல்லவில்லை.

போலீஸ் வந்தது. தாடை கட்டிய கொழுந்தனைக் காவலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சின்னவள் தலையில் தையல் போட்டுக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தாள். சம்மட்டியையும் உட்கார வைத்து விசாரித்துவிட்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று அனுப்பினார்கள்.

மறுநாள் காலை அளவுக்காரர் சொன்னபடி வந்தார். சுவரைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் தலைக்கட்டோடு தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணையும் பார்த்தார். நடந்ததைப் புருஷன் சொல்லக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான்.

"ஒரு வாரத்துல மறுபடி அடைச்சிடுங்க. நான் இன்னைக்கு வரவே இல்லன்னு வச்சிக்கலாம். அந்தப் பொண்ணு உங்க வீட்டுல வந்து இருக்கட்டும்" என்றார்.

"நான் எங்கயும் வரமாட்டேன் சார்" என்றாள் சின்னவள் ஓட்டை வழியாக. "இது என் வீடு. அவன் ஜாமீன்ல வந்தாலும் நான் இங்கதான் இருப்பேன். இந்த வழி மட்டும் இருந்தா போதும்."

"திறப்பு இருந்தா விதிவிலக்கு இல்லம்மா. பட்டறைக்குச் சீல் வச்சிடுவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

சம்மட்டி புருஷனைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அது இந்த முறை அவருக்கு வலித்திருக்கும்.

"அடைக்கல சார்" என்றாள்.

அளவுக்காரர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். "நிபந்தனைய மீறினதுக்குக் காரணம்னு ஒரு இடம் இருக்கும்மா. அத வெறுமனே விட முடியாது. என்ன எழுதட்டும்?"

சம்மட்டி குழாயின் மேல் கையை வைத்தாள்.

"சத்தம் கேக்கலன்னு எழுதுங்க."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.